உகாண்டா விசாவும் ஊர்க் காப்பும்

“…குளிருமாம் அந்த ஊர்ல, அதான் எடுத்தாந்தேன். போத்திக்கச் சொல்லுங்கக்கா. வேற ஒண்ணுத்துக்கும் இல்ல” என்று சொல்லியபடியே ஒரு துணிக்கடைப் பையை என் வீட்டு கேட்டுக்கு மேலாக நீட்டினார் அந்த மனுஷர். கேட்டைத் திறக்கவும் இல்லை, திறக்கச் சொல்லவும் இல்லை. வெளியே தார் ரோட்டில் செருப்பில்லாமல் நின்றார். வைகாசி வெயில், உச்சி சாய்ந்த நேரம். மஞ்சள் வேட்டி. வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டிய காப்பு.

எனக்குப் பின்னால், வாசல்படியில் ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள் அவருடைய தம்பி பெண்டாட்டி. சென்னை ஏர்போர்ட்டுக்குப் போகிற கார் வரவேண்டியதுதான் பாக்கி. அங்கிருந்து உகாண்டா.

பையை வாங்கக் கை நீட்டினேன். நீட்டின கை அப்படியே இருக்கட்டும். முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால், ஒரு துணிப் பைக்கு இந்த அம்மா ஏன் இவ்வளவு பேசுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றும்.

திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் மாடியில் நாலு ரூம் கட்டி, சுண்ணாம்பு அடித்து முடித்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த நாலு ரூம்தான் எனக்குச் சோறு போடுகிறது. நான் படித்தது எட்டாவது. இங்கிலீஷ், வாடகைக்கு வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு வந்தது. அதனால் ஒரு வார்த்தை இத்தாலிக்காரி மாதிரியும் அடுத்த வார்த்தை ரஷ்யாக்காரன் மாதிரியும் வாயில் வரும்.

வெளிநாட்டுக்காரர் யார் வந்து தங்கினாலும் அவர்களுடைய பாஸ்போர்ட், விசா விவரத்தை உடனே கம்ப்யூட்டரில் அரசாங்கத்துக்கு ஏற்றிவிட வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவேன். இப்போது விசாவை ஒரு பார்வை பார்த்தாலே, இந்தப் பெண் எந்த மாசம் அழப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். அழுவார்கள், நிஜமாகத்தான். மலையை விட்டுப் போக மனசில்லாமல், முற்றத்தில் உட்கார்ந்து, நாள் முடிந்துவிட்டதே என்று அழுவார்கள். எங்கள் சந்து முனை ஆட்டோக்காரர் ஒருவர் சொல்வார்: “விசான்றது வெள்ளைக்காரங்களுக்கு வர்ற ஜுரம்க்கா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அடிக்கும். நேபாளம் போயிட்டு வந்தா எறங்கிடும்.”

நம் ஜனங்களுக்கு அந்த ஜுரம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. கேட்கிற பக்கம் நாம், காட்டுகிற பக்கம் அவர்கள். அப்படியே பழகிப்போச்சு.

வாசல்படியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாளே, அவள்தான் எனக்குப் பால் கொண்டு வருகிறவள், மலை சுற்றுகிற பாதையில் இருக்கிற ஒரு ஊர்க்காரி. நாற்பது வயசு இருக்கும். இரண்டு மாடு, கொஞ்சம் நிலம், பிள்ளை இல்லை. வீட்டுக்காரன் போர்வெல் வண்டியில் வேலை. முதலில் ஆந்திரா, அப்புறம் மத்தியப் பிரதேசம், கடைசியாக உகாண்டா. வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். அவளைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வாள்: “நம்ம ஊர்ல ஆயிரம் அடி போனாலும் புழுதிதான் பறக்குது. அங்க கொஞ்சம் போனாலே கொப்புளிக்குதாம். தண்ணி இருக்கற எடத்துல அவரு தோண்டிக்கினு இருக்காரு, இல்லாத எடத்துல நான் கொடத்த வெச்சுக்கினு நிக்கறேன்.”

ஒரு நாள் காலையில் பால் இல்லாமல் வந்தாள். மொபெட்டை ஸ்டாண்டு போடக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்த்துவிட்டு, செல்லை என்னிடம் நீட்டினாள். வேலை நடக்கிற இடத்தில் காற்று அடிக்கிற குழாய் பிய்த்துக்கொண்டு அவன் தலையில் அடித்திருக்கிறது. கம்பாலாவில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், நினைவில்லை. அந்தக் கம்பெனி மேனேஜர் தமிழ் ஆள்தான். போட்டோ அனுப்பியிருந்தார். நான் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

“எனக்கு விசா எடுத்துக் குடுக்கா” என்றாள். “வெள்ளைக்காரங்களுக்கெல்லாம் நீதான பார்க்கறே. அவரு மூச்சு இருக்கச் சொல்லோ ஒரு தடவை நான் போயி கையப் புடிக்கணும்.”

“பாஸ்போர்ட் இருக்குதாடி?”

“இருக்குதுக்கா. போன தடவை வந்தப்போ அவர்தான் எடுத்து வெச்சாரு. கடலாட்டம் ஒரு ஏரி இருக்குதாம் அங்க. ஒரு நாளு இட்டுக்கினு போயி காட்டறேன்னாரு.”

விசாவுக்குப் புதுப் போட்டோ வேண்டும் என்று ஸ்டுடியோவுக்குப் போனோம். பின்னால் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டே ஸ்டுடியோக்காரர் பேச்சுக் கொடுத்தார். விஷயம் தெரியாது அவருக்கு. “பாஸ்போர்ட்டுன்றது பொண்ணு ஜாதகம் மாதிரிம்மா. எடுத்து வெச்சுட்டாப் போதுமா? ஏதாவது ஒரு நாட்டுக்குப் பொருந்தணும் இல்ல? உங்களுக்கு எந்த நாடு வந்திருக்குது?” அவள் வெள்ளைத் துணி முன்னால் போய் உட்கார்ந்தாள். வேற நாளாக இருந்தால் அந்த வார்த்தையை நான் ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தேன். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசத்துக்காவது செல்ல வேண்டும். திரும்பி வர டிக்கெட் வேண்டும். எங்கே தங்குவாய், யார் கூப்பிட்டது என்று ஒரு கடிதம் வேண்டும். இதெல்லாம் காகிதம். காகிதம் என்றால் ஓடிப் பிடிக்கலாம், மேனேஜரும் அனுப்புகிறேன் என்றார். ஆனால் மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, அதற்கு ஒரு மஞ்சள் அட்டை வாங்கி, அதையும் விசா மனுவோடு சேர்த்து ஏற்ற வேண்டும் என்று இருந்தது. ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அந்த அட்டை செல்லும். அதற்கு முன்னால் போய் இறங்கினால் உள்ளே விடமாட்டார்கள்.

நான் அதை மூன்று தடவை படித்தேன். படிக்கத் தெரியாததால் இல்லை.

அந்த ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. சென்னையில் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட கிழமையில்தான். பதிந்து வைத்துவிட்டு விடியற்காலை பஸ்ஸில் போனோம். அங்கே வரிசையில் கப்பல் வேலைக்குப் போகிற பையன்கள், வியாபாரத்துக்குப் போகிறவர்கள், ஜீன்ஸ் போட்ட ஒரு குடும்பம், சிங்கம் பார்க்கப் போகிறதாம். எல்லாரும் சிரித்துக்கொண்டு இருந்தார்கள். டாக்டரம்மா நல்ல மாதிரி. ஒவ்வொன்றாகக் கேட்டார். முட்டை சாப்பிட்டால் ஒத்துக்குமா? ஒத்துக்கும். வேறு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா? இல்லை. முழுகாமல் இருக்கிறீர்களா?

“அது ஒண்ணுதான் கொறைச்சல்” என்றாள் இவள். டாக்டரம்மா தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதற்கப்புறம் எதுவும் கேட்காமல் ஊசியைப் போட்டார்.

அட்டையில் முத்திரை வைக்கும்போது இவள் மேஜைமேல் கை வைத்துக் கேட்டாள். “மேடம், என் வூட்டுக்காரரு அங்க நெனவில்லாமக் கெடக்கறாரு. இன்னிக்குப் போட்ட ஊசிய பத்து நாளு முன்னாடி போட்டதா ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. உங்க காலத் தொட்டுக் கும்பிடறேன்.”

டாக்டரம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் எழுதினாலும் உங்க உடம்பு ஒத்துக்காதும்மா. மருந்து வேலை செய்ய அத்தனை நாள் ஆகும். நடுவுல உங்களுக்கு வந்துட்டா யார் பார்க்கறது?”

பஸ் திண்டிவனம் தாண்டிற்று. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “மனுஷங்கிட்ட அழுவலாம். சாமிகிட்ட அழுவலாம். மருந்துகிட்ட யாருக்கா பேசறது?”

ஊருக்கு வந்து சேர்ந்தால் அடுத்த சங்கடம் காத்திருந்தது. மறுநாள் சாயங்காலம் அவர்கள் ஊரில் பாரதத்துக்குக் காப்புக் கட்டுகிறார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மனுக்குப் பாரதம் வைப்பார்கள். கொடியேற்றிக் காப்புக் கட்டினால் பதினெட்டு நாள். மத்தியானம் மைக் வைத்துப் பாரதக் கதை சொல்வார்கள், ராத்திரி கூத்து, கடைசி நாள் தீமிதி. காப்புக் கட்டுகிற நேரத்தில் ஊருக்குள் இருக்கிறவர்கள் தீமிதி முடிகிற வரைக்கும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். வெளியூர் போகிற வேலை இருப்பவர்கள் காப்புக் கட்டுகிறதுக்கு முன்னாலேயே எல்லையைத் தாண்டிவிட வேண்டும். தாண்டினவர்கள் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் உள்ளே வரக்கூடாது. இது அந்த ஊர் விசா. அதற்கும் மனு போட ஆபீஸ் கிடையாது.

பத்து நாள் வீட்டில் காத்திருந்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தாள். காப்புக் கட்டும்போது வீட்டில் இருந்தால் கிளம்பவே முடியாது. கிளம்ப வேண்டும் என்றால் காப்புக்கு முன்னாலேயே வீட்டை விட்டுவிட வேண்டும். “என் ரூம்ல ஒண்ணு காலியாத்தான் இருக்குது, வந்து கெட” என்றேன்.

மறுநாள் வெயில் தாழ்வதற்குள் அவளைக் கொண்டுவந்து விட்டவர் இந்த மனுஷர்தான், அவளுடைய மூத்தார், வீட்டுக்காரனுடைய ஒரே அண்ணன். அண்ணன் தம்பி இரண்டே பேர், அப்பா அம்மா இல்லை. ஊரில் இந்த வருஷம் கரகம் எடுக்கிறதும் இவர், தீமிதியில் முதலில் இறங்குகிறதும் இவர். அன்றைக்கு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, நான் கொடுத்த மோரைக் குடித்தார்.

“மாட்ட நான் பாத்துக்கறேம்மா, நீ அத்த நெனைக்காத” என்று அவளிடம் சொன்னார். என்னிடம் திரும்பி, “இந்த வருசம் என் தம்பிக்காகத்தான்க்கா நெருப்புல எறங்கறேன். அம்மா கைவுட மாட்டா” என்றார். மோர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காப்புக்கு நேரமாச்சு என்று அவசரமாகப் போனார்.

அவள் என் வீட்டு மாடியில் குடியேறினாள். பக்கத்து ரூமில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மா, அறுபத்தஞ்சு வயசு, மாசக்கணக்கில் மௌனம். ஏதாவது வேண்டும் என்றால் ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டும். இவள் முதல் நாள் என்னிடம் வந்து, “பாவம்க்கா, அந்தம்மாவுக்குப் பேச்சு வராதா?” என்றாள். “வரும்டி, பேச மாட்டாங்க, விரதம்” என்றேன். “சோறு தின்னாம விரதம் இருக்கலாம். பேசாம எப்பிடிக்கா?” என்றாள். அதுதான் அந்த நாட்களில் அவள் வாயிலிருந்து வந்த ஒரே வேடிக்கைப் பேச்சு.

விசா மனுவை இருவரும் சேர்ந்து எழுதினோம். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருந்தது. “எங்களுக்கு ஏதுக்கா குடும்பப் பேரு? ஊர்ல ‘மேட்டுத் தெரு வூடு’ன்னுவாங்க. அத்த வேணா எழுது” என்றாள். எதற்காக வருகிறீர்கள் என்று அடுத்த கேள்வி. சுற்றுலா, வியாபாரம், மாநாடு என்று வரிசையாக இருந்ததில் தேடி, குடும்பத்தாரைப் பார்க்க என்பதை அழுத்தினேன். மஞ்சள் அட்டையைப் படம் பிடித்து ஏற்றினேன். அட்டை செல்லத் தொடங்குகிற நாளுக்கு மறுநாள் டிக்கெட்.

மத்தியானம் ஆனால் மொட்டை மாடியில் போய் நிற்பாள். மலைப் பக்கமாகக் காற்று அடித்தால் அவர்கள் ஊர் மைக் சத்தம் லேசாகக் கேட்கும். கீழே வந்து சொல்வாள்: “இன்னிக்கு வில்ல வளைக்கறாங்கக்கா.” இன்னொரு நாள்: “பகடை ஆட ஆரம்பிச்சுட்டாங்க.” காலண்டரைப் பார்க்கவே மாட்டாள். பாண்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அவளுக்கு நாள் போயிற்று.

பாண்டவர்கள் காட்டில் இருக்கும்போது எனக்குப் போன் வந்தது. காலை நேரம், குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த மேனேஜர் அவளுக்குப் போன் செய்யத் தைரியம் இல்லாமல் எனக்குச் செய்திருந்தார். விடியற்காலையில் போய்விட்டான். அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். கூட இருந்து சொல்ல ஒரு சொந்தக்காரரைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். யாரும் எல்லை தாண்டி வந்து தங்க முடியாது. நான்தான் மாடிக்குப் போனேன்.

என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாயால் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தரையைப் பார்த்தபடியே கேட்டாள்: “நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. வேற யாருக்குக்கா கேட்டுச்சு?”

அந்தக் கேள்வி அப்போது எனக்கு விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள். தூரத்தில் விழுந்த சாவுக்கு, அது காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு. காதில் விழாதவரைக்கும் தீட்டு இல்லை. காப்புக் கட்டினவன் பங்காளி சாவைக் கேட்டுவிட்டால், காப்பை அவிழ்த்துக் குளத்தில் போட்டுவிட்டு விலகிவிட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். கரகம் பாதியில் கை மாறும். பாதியில் கை மாறின கரகம் ஊருக்கு ஆகாது. மழை பொய்த்துவிடும், மாடு கன்று சாகும் என்று பயம். இதைச் சொல்லிவிட்டுத் துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

“அழுவுடி, இங்க யாருக்குக் கேக்கப்போவுது” என்றேன். தலையை ஆட்டினாள். மலை சுற்ற வருகிற ஜனம், ஆட்டோக்காரர்கள், பூக்காரிகள், எந்த வாய் வழியாக எந்தக் காதுக்குப் போகும் என்று யார் கண்டது. புருஷன் செத்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு தெருவே நடுங்க அழுவார்கள். இவள் ஒரு வாடகை ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு, தொண்டைக்குள் அழுதாள். பக்கத்து ரூம் பிரெஞ்சுக்கார அம்மா எழுந்து வந்தது. என்ன ஏது என்று சிலேட்டில்கூட எழுதவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது, சாயங்காலம் வரைக்கும்.

மறுநாள் மூத்தார் வந்தார். இந்தத் தடவை கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டித் தடுத்தார்.

“எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. நான் எதுவும் கேக்கல. மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சு, அத்த சொல்லிட்டுப் போவலாம்னுதான் வந்தேன்.”

கண் இரண்டும் வீங்கிக் கிடந்தது. மேனேஜர் ஊரில் வேறு யாருக்கோ போன் போட்டிருக்கிறார். அந்தச் சேதி எல்லை வரைக்கும் வந்து நின்றுகொண்டது. ஊர் மொத்தத்துக்கும் தெரியும், ஒருத்தருக்கும் காதில் விழவில்லை. இவள் உள்ளே கதவுக்குப் பின்னால் நிற்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்: “செவலைதான் ரெண்டு நாளா சரியா தீனி எடுக்கல. மத்தபடி ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல.”

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “நல்லதுக்கு அழைச்சாப் போவணும், கெட்டதுக்குக் கேட்டாலே போவணும்னு சொல்ற ஜனம்தான நாம?” என்று கேட்டுவிட்டேன்.

“அதான்க்கா” என்றார் மெதுவாக. “கேட்டுட்டாப் போவணும். அதான் கேக்கல.”

பிள்ளை இல்லாத தம்பிக்குக் கொள்ளிக் குடம் தூக்க வேண்டியவர் அவர். அது அவருக்குத் தெரியாதா?

உடம்பை என்ன செய்வது என்று மேனேஜர் கேட்டார். சென்னைக்கு அனுப்புகிறோம், ஊரில் யார் வாங்கிக்கொள்வார்கள், எங்கே அடக்கம் என்று எழுத்து வேண்டும் என்றார். ஊருக்கே கேட்காத சாவுக்கு ஊர் எப்படி எழுத்துக் கொடுக்கும்? காப்பு அவிழ்க்கிற வரைக்கும் ஊர் இடுகாட்டுக்கு ஒரு பொணமும் போகாது. நான் திருவண்ணாமலை டவுனிலேயே ஏற்பாடு செய்யலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். அப்புறம் சொன்னாள்: “சொந்த ஊரு வாசல்ல வெச்சு, உள்ள வராதன்னு அவர நிறுத்த மாட்டேன். அங்கியே குழி வெட்டச் சொல்லுக்கா. ஆனா நான் வர்ற வரைக்கும் மூடக் கூடாதுன்னு சொல்லு.”

வருகிற வரைக்கும் என்றால், அந்த அட்டைக்கு நாள் ஆகிற வரைக்கும். இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்தது. செத்தவன் குளிர்பெட்டியில் காத்திருந்தான், இவள் மாடியில் காத்திருந்தாள்.

விசா அந்த நேரம் பார்த்து வந்தது. மெயிலில் ஒரு பக்கம், ஓரத்தில் கட்டம் கட்டமாக ஒரு முத்திரை. எத்தனையோ பேருடைய விசாவுக்காக நான் சந்தோஷப்பட்டு பாயசம் வைத்திருக்கிறேன். இதைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். அவள் வாங்கி, தன் போட்டோவை மட்டும் பார்த்தாள்.

“இதுல எதுக்கு வர்றேன்னு போட்டிருக்குதுக்கா?”

“குடும்பத்தாரைப் பார்க்கன்னு.”

“அந்த ஊரு ஆபீசர் வாயால கேட்டா? பார்க்க வந்தேன்னு சொல்லணுமா, பொதைக்க வந்தேன்னு சொல்லணுமா?”

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க ரூம் வாடகை, வெந்நீர், சாவி, இட்லி. இதற்கு வார்த்தை என்னிடம் இல்லை. மௌன அம்மாவின் சிலேட்டை வாங்கி அரைகுறையாக விஷயத்தை எழுதிக் காட்டினேன். அது படித்துவிட்டு இங்கிலீஷில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தது. தமிழில் சொன்னால், ‘நான் என் கணவரிடம் வந்திருக்கிறேன்.’ அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் பாத்திரம் தேய்க்கும்போதும் துணி மடிக்கும்போதும் அதையே முணுமுணுத்தாள்.

அவள் உகாண்டாவில் போய் இறங்கினாள். முகத்தைப் பார்த்தாள், கையைப் பிடித்தாள், முதல் மண்ணை அவளே தள்ளினாள். அந்த ஏரியை யாரோ காரிலிருந்து காட்டினார்களாம், திரும்பிப் பார்க்கவில்லை என்றாள். அதெல்லாம் அவள் சொல்ல வேண்டியது. நான் கண்ணால் பார்த்தது எங்கள் கேட்டு வரைக்கும்தான்.

அன்றைக்கு, நீட்டின கையில் பையை வாங்கி அவளிடம் கொடுத்தேன். உள்ளே போர்வை இல்லை. மடிப்புக் கலையாத ஒரு வெள்ளை வேட்டி. ஒரு மூலையில் ஈரம் காயாத மஞ்சள் தடவியிருந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், செத்தவனுக்குக் கூடப் பிறந்தவன் போடுகிற கோடி அது. கடையில் என்ன சொல்லி வாங்கினாரோ. மஞ்சளை யாருக்கும் தெரியாமல் எங்கே உட்கார்ந்து தடவினாரோ.

அவள் அந்த மூலையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பெட்டியை விட்டு எழுந்து கேட்டுக்கு வந்தாள். புருஷன் செத்த பிறகு மூத்தாருக்கு நேராக அவள் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. நெற்றியில் குங்குமம் அப்படியேதான் இருந்தது. ஊருக்குக் கேட்காத சாவுக்கு அதை யார் வந்து அழிப்பது?

“மாமா” என்றாள். “ஊரு கேக்க வாணாம். நீங்களும் யாருக்கும் சொல்ல வாணாம். ஆனா அவரு கூடப் பொறந்தவரு நீங்க ஒருத்தராவது கேட்டுட்டு என்ன அனுப்புங்க. யாருமே கேக்காத பொணத்து மேல இந்தத் துணிய நான் எப்பிடி மாமா போத்துவேன்?”

அவர் காப்புக் கட்டின கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டு நின்றார். சந்து முனையில் கார் திரும்பி, ஹாரன் அடித்தது. அவர் அந்தப் பக்கம் பார்த்தார். இந்தப் பக்கம் மலையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பிறகு கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த உயரமான மனுஷர் குனிந்து, கேட்டுக்கு மேலாகத் தலையைச் சாய்த்து, காதை அவள் வாய்ப் பக்கம் கொண்டுவந்தார்.